மயில் வளர்த்த கொழுக்கட்டைப் புல்

குளக்கரைத் தோட்டத்துக்கு மயில் வண்ணமுத்து சொந்தக்காரர். பொட்டல்காட்டில் தானாக விளையும் கொழுக்கட்டைப் புல்லைப் பிடுங்கிவந்து, அழகுக்காகத் தோட்டத்திலும் பின்னாலிருந்த மேட்டிலும் வரிசை வரிசையாக நட்டிருந்தார். அதன் பஞ்சுபோன்ற கதிர்களைப் பார்க்கக் கொக்குகள்கூட வரும்.

கோடை வந்தது. புல் பழுத்தது. மயிலுக்கு வந்ததே கோபம்!

"ஏ செவந்தி!" என்று தோட்டக்கார முயலைக் கூப்பிட்டார். "தினமும் தண்ணி ஊத்து! புல் பச்சையா நிக்கலேன்னா உன் வளையை மூடிடுவேன்!"

வளைக்குள் கண் திறக்காத மூன்று குட்டிகள். எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவாள் பாவம்!

"ஐயா, இந்தப் புல்லு வெயில் காலத்துல தூங்கும். மழை வந்தா தானா எழுந்திரிக்கும்ங்க..."

"எனக்கே பாடம் நடத்துறியா? சொன்னதைச் செய்!"

அப்புறம் என்ன பேச? கொட்டாங்குச்சியில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். விடிந்தால் குளம், பொழுது சாய்ந்தால் குளம். இடுப்பு விட்டுப்போனது. பால் கொடுக்க உட்கார்ந்தால் கண் சொருகியது. 'இந்தப் பாழாய்ப்போன வேலை என்றைக்குத்தான் ஓயும்?' என்று அழுகையே வந்தது.

ஊற்ற ஊற்றப் புல் அடியில் கறுத்தது. பத்தாம் நாள் தொட்டால் கையோடு வந்தது. எல்லாம் வேர் அழுகல்.

அந்த வாரம் கோடைமழை கொட்டியது. அழுகினது எழுந்திருக்குமா? மயில் பார்க்க வந்து குதியோ குதியென்று குதித்தார்.

"கெடுத்துட்டியே! கிளம்பு இப்பவே!"

செவந்தி வாதாடவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே! குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி, தோட்டத்தின் பின்னாலிருந்த மேட்டில் கொண்டுபோய் வைத்தாள். விரட்டிக்கொண்டே வந்த மயில் அங்கே வாய் பிளந்து நின்றுவிட்டார். மேட்டில் நட்ட புல் மட்டும் பச்சைப்பசேலென்று தளிர்த்திருந்தது!

"அடியே! இதுக்கு மட்டும் என்ன வைத்தியம் பார்த்தே?"

"ஒண்ணும் பார்க்கலீங்கய்யா. மேடு ஏற என் உடம்புல தெம்பில்ல. இதுக்கு ஒருநாளும் தண்ணி ஊத்தல."

மயிலின் தோகை மெல்லத் தாழ்ந்தது. "சரி... உன் வளைக்கே போ. நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம், படுத்துத் தூங்கு" என்றார்.

செவந்தி அதற்குள் குட்டிகளை அணைத்தபடி அங்கேயே தூங்கிப்போயிருந்தாள்.

ஓய்வெடுக்க வேண்டியதை ஓயவிடாதவன், தான் ஆசையாக வளர்த்ததைத் தானே அழிப்பான்.