பன்னிரண்டாம் இருக்கை

பெயர் மறந்துபோன ஒரு நாட்டை, முன்னொரு காலத்தில் ஓர் அரசர் ஆண்டுவந்தார். ஒருநாள் அவருக்கு விசித்திரமான ஆசை பிறந்தது. தீவுக்குப் போகும் அரசுக் கப்பலில், ஒரு பொற்காசு கூடுதலாகக் கொடுப்பவர்கள் விரும்பிய இருக்கையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று ஆணையிட்டார். வசூல் பொறுப்பு துறைமுக அதிகாரி விசயதரருக்கு.

உப்பு விற்கும் வேலாத்தாள், மகளின் கல்யாணத்துக்குப் போவதற்காகச் சாளரத்தை ஒட்டிய பன்னிரண்டாம் இருக்கையை வாங்கினாள். காற்றுப் படாவிட்டால் அவளுக்குக் குமட்டும். புறப்படும் நாளில் பெரிய கப்பல் பழுதாகி, சிறிய கப்பல் வந்தது. அதில் பன்னிரண்டாம் இருக்கை அடித்தளத்தில், கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே இருந்தது.

வேலாத்தாள் அரசவைக்கு வந்து அழுதாள். "வழியெல்லாம் வாந்தி எடுத்தேன் சாமி. எம் மக கழுத்துல தாலி ஏறறப்ப நான் கரையில மயங்கிக் கெடந்தேன். என் காசையாவது குடுக்கச் சொல்லுங்க."

"மன்னா, பன்னிரண்டு கேட்டாள், பன்னிரண்டு கொடுத்தோம். தீவுக்கும் போய்ச் சேர்ந்தாள். திருப்பித் தர ஏதுமில்லை" என்றார் விசயதரர்.

விகடகவி மருதக்கூத்தனுக்குப் பொறுக்கவில்லை. "அது நியாயமில்லை, மன்னா" என்று சொல்லிவிட்டான்.

அவன்மேல் வெகுநாளாகப் பொறாமையில் வெந்துகொண்டிருந்த விசயதரர் எழுந்தார். "அப்படியானால் இவன் அதை என் வாயாலேயே சொல்லவைக்கட்டும். நாளை மாலைக்குள் முடியாவிட்டால் நாட்டைவிட்டே போகட்டும்!"

வேடிக்கை பார்க்கும் ஆசையில் அரசரும் சம்மதித்தார்.

மருதக்கூத்தன் வீட்டுக்குப் போகும் வழியை இரண்டு முறை தவறவிட்டான். மூன்றாம் முறை யானைக் கொட்டிலுக்கு முன்னால் வந்து நின்றான். சற்று நேரம் உள்ளே பார்த்தான். பிறகு அரண்மனைக்கே திரும்பினான்.

"மன்னா, நாளை அரசவை கொட்டிலில் கூடவேண்டும். இருக்கை வரிசை மாறக்கூடாது."

மறுநாள் காலை அவை அங்கே கூடியது. நூறு பொன் காணிக்கை கொடுத்து விசயதரர் பெற்றிருந்த இடம் வலப்புறம் மூன்றாவது. கொட்டிலில் அது மன்னரிடமிருந்து வெகுதூரத்தில், பட்டத்து யானையின் வாலுக்கு நேர் கீழே அமைந்திருந்தது. யானை அப்போதுதான் வயிறு நிறையத் தின்று முடித்திருந்தது.

"இது என்ன அக்கிரமம்?" என்று விசயதரர் மூக்கைப் பொத்தினார்.

"வலப்புறம் மூன்றாவது, ஐயா. எண் மாறவில்லை. அவையும் நடக்கிறது" என்றான் மருதக்கூத்தன்.

"எண்ணுக்கா நூறு பொன் கொடுத்தேன்? மன்னரின் அருகில் அமரத்தான் கொடுத்தேன்! அந்த இடம் இல்லையென்றால் என் பொன்னைத் திருப்பித் தாருங்கள்!"

யானை காதை அசைத்தது.

"எழுத்தரே, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்" என்றான் மருதக்கூத்தன்.

விசயதரருக்கு முகம் வெளுத்தது. "கொடுத்துவிடுகிறேன், மன்னா. ஆனால் ஓலை பார்த்து முத்திரையிட்டு முடிக்கப் பதினான்கு நாள் ஆகும்."

"அவசரமில்லை. அதுவரை அவை இங்கேயே கூடட்டும்" என்றான் மருதக்கூத்தன்.

யானை மெல்ல வாலைத் தூக்கியது.

"நண்பகலுக்குள்! எல்லாப் பயணிகளுக்கும்!" என்று அலறியபடி விசயதரர் துறைமுகத்தை நோக்கி ஓடினார்.

அரசர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி மருதக்கூத்தன் கழுத்தில் போட்டார். வேலாத்தாளைத் தன் சொந்தப் படகில் மகள் வீட்டு விருந்துக்கு அனுப்பிவைத்தார்.