தள்ளுகட்டைக்குப் பொட்டு வைத்தவர்

"இந்த ரம்பத்தை நான் எப்பதான் ஓட்டுறது, டீச்சரம்மா?"

அம்பலவாணன் இப்படிக் கேட்டது, மரவேலை கற்க வந்த நான்காவது ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு வயது அறுபத்திரண்டு. டீச்சரம்மா செலினுக்கு முப்பத்து நான்கு. திருச்சியில் தன் வீட்டுக் கார் ஷெட்டில், மேசை நடுவே மின்சாரத்தில் சுழலும் வட்ட ரம்பம் போட்டு மரவேலை செய்கிறவள். ஞாயிறுதோறும் ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பாள்.

அம்பலவாணன் முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர். தூங்குகிறவரைத் தட்டி எழுப்பிக் கேள்வி கேட்டே பழகிய மனிதருக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

ஆனால் அவசரத்துக்கு ஒரு நியாயமும் இருந்தது. அவர் மனைவி குமுதவல்லிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அவளுக்கு ஊட்டிவிடுவது, தலைவாரிப் பின்னுவது எல்லாம் அம்பலவாணன்தான். கடையில் வாங்கிய நாற்காலி எதில் உட்கார வைத்தாலும் சரிந்து விழுந்தாள். வலது பக்கம் அவளை அணைத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு நாற்காலியைத் தன் கையாலேயே செய்துவிட வேண்டும் என்று அவர் வைராக்கியமாக இருந்தார்.

"முதல்ல ஒரு தள்ளுகட்டை செஞ்சுட்டு வாங்க சார்," என்றாள் செலின்.

ரம்பத்துக்குள் பலகையைத் தள்ளும்போது கடைசி ஒரு சாண் நீளத்தை விரலால் தள்ளக்கூடாது. அதற்கென்று ஒரு கட்டை உண்டு. ஒரு முழ நீளம், நுனியில் பலகையைக் கவ்வ ஒரு வெட்டு, அவ்வளவுதான். கழித்துப் போட்ட துண்டில் கால் மணி நேரத்தில் செய்துவிடலாம்.

அம்பலவாணன் மூன்று வாரம் செய்தார்.

தேக்கில் செய்தார். கைரம்பத்தால் அறுத்து, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்து, கைப்பிடியில் கிளிமூக்கு செதுக்கி, வார்னிஷ் அடித்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இது யார் பார்த்தாலும் பொன் குஞ்சுதான்.

செலின் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்கே, சார்."

சொன்ன குரலில் ஏதோ வருத்தம் இருந்தது. அவர் பாராட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வருத்தத்தை அங்கேயே விட்டுவிட்டார்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. அம்பலவாணனே ஷெட்டுக்கு வந்து ரம்பத்துக்கும் தள்ளுகட்டைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்தார். கோவிலென்றால் மாதா கோவில் என்றிருக்கும் செலினும் கூட நின்று கும்பிட்டு, ஒரு கை பொரி வாங்கித் தின்றாள்.

அடுத்த ஞாயிறு, நாற்காலி முதுகுக்கு ஒல்லிப் பட்டைகள் அறுக்க வேண்டியிருந்தது. செலின் எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். ரம்பத்துக்கு நேர் எதிரே நிற்கக்கூடாது, முழுக்கைச் சட்டை கூடாது, அறுந்து கிடக்கிற துண்டை ரம்பம் நின்ற பிறகுதான் தொட வேண்டும். அம்பலவாணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவள் சுவிட்சின் மேல் கையை வைத்தபடி நின்றுகொண்டாள்.

பலகை ஓடியது. கடைசி ஒரு சாண் வந்தது.

அம்பலவாணன் தள்ளுகட்டையை எடுத்தார். பட்டை மிக ஒல்லி. தள்ளினால் ரம்பத்தின் பல் கட்டையையும் கடிக்கும் என்று தெரிந்தது. கட்டையைக் கீழே வைத்தார். பெருவிரலை நீட்டினார்.

செலின் சுவிட்சை அணைத்தாள். திடுக்கிட்டு அவர் கையை இழுத்துக்கொண்டார். அணைத்ததும் நின்றுவிடாது அந்த ரம்பம். அது சுற்றி ஓய்ந்த பிறகுதான் செலின் கேட்டாள்.

"ஏன் சார்?"

"பூஜையில வெச்சது, டீச்சரம்மா. பல்லு பட விட மனசு வரல."

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார். அவள் திட்டவில்லை. உள்ளே போய் ஒரு பெரிய பிஸ்கட் டின்னை எடுத்து வந்து மேசை மேல் கவிழ்த்தாள்.

பதினைந்து இருபது தள்ளுகட்டைகள் விழுந்தன. எல்லாம் மட்டமான ஒட்டுப்பலகையில் செய்தவை. ஒன்றுக்கு மூலையைக் காணோம். ஒன்று பாதிதான் இருந்தது. பல் படாத கட்டை ஒன்றுகூட இல்லை.

அவற்றுக்குப் பக்கத்தில் செலின் தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்தாள். பத்து விரலும் இருந்தன.

அம்பலவாணனுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் பிடிவாதம் விடவில்லை. இது இப்படியே இருக்கட்டும், வேறொன்று செய்து வருகிறேன், இன்றைக்கு மட்டும் கையாலேயே பார்த்துத் தள்ளிவிடுகிறேன் என்றார்.

அவள் வாதாடவில்லை. வேறு எதையோ கேட்டாள்.

"நீங்க இங்க வர்றதுல உங்க வீட்டம்மாவுக்குப் பயம் இல்லையா சார்?"

அவர் சிரித்தார்.

"அவளுக்கு ரம்பத்தப் பத்தி என்னங்க தெரியும்? வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் இடது கையால என் கையப் புடிச்சுக்குவா. ஒவ்வொரு விரலா தொட்டுப் பாப்பா. ஒரு கை முடிஞ்சதும் இன்னொண்ணு. கல்யாணமான புதுசுலகூட இவ்வளவு பாசம் இருந்ததில்ல."

"தினமுமா சார்?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவர் நின்றுவிட்டார். மார்க்கெட்டுக்குப் போய் வந்த நாட்களை நினைத்துப் பார்த்தார். மருந்துக் கடைக்குப் போய் வந்த நாட்களை நினைத்துப் பார்த்தார்.

கிளிமூக்கு வைத்த தன் தள்ளுகட்டையைத் தேடி எடுத்து, பலகையைத் தள்ளப் பிடிப்பது போல இறுகப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை மட்டும்தான், டீச்சரம்மா," என்றார்.