சேந்தன் போட்ட பிளக்

மலையடிவாரத்து மடத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. மேலே இருக்கிற ஊர்களுக்கு அரிசியும் மருந்தும் அதில்தான் போகும். சில நாள் மடத்தை நடத்துகிற சாமியும் போவார், பின்சீட்டில் உட்கார்ந்து.

வண்டியைப் பார்த்துக்கொண்டவன் சேந்தன். அவன் சாமியை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் மருதையனுக்கு வயிறு எரியும். இரண்டு பேரும் ஒரே வயசு, ஒன்றாகவே மடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். அதனால் கொஞ்சம் கூடுதலாகவே எரியும்.

தைப்பூசம் முடிந்த கையோடு வண்டி வெடிக்க ஆரம்பித்தது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் போதும், சைலன்சருக்குள் பட் பட்டென்று சரவெடி. மருதையன் விடுவானா? நேரே சாமியிடம் போய் வத்தி வைத்தான்.

"கண்ட ஸ்பார்க் பிளக்கையும் போட்டு எஞ்சினைக் கெடுத்துட்டான் சாமி. கேட்டா ஒத்துக்க மாட்டான்."

"பிளக் சரியாத்தான் சாமி இருக்கு" என்றான் சேந்தன். அதற்கு மேல் பேசத் தெரியாத ஆள்.

பந்தியில் எல்லோர் முன்னாலும் சாமி சொன்னார்: "இனிமே நீ வண்டியைத் தொட வேண்டாம்."

மறுநாள் காலையில் சாவி மட்டும் ஆணியில் தொங்கியது. ஆளைக் காணோம்; சேந்தன் தன் ஊருக்கே போய்விட்டான். இந்தப் பாவி மருதையன் அன்றைக்கு இரண்டு கை சோறு அதிகமாகவே சாப்பிட்டான்.

சேந்தனின் பிளக்கைக் கழற்றி டூல்பாக்ஸுக்குள் எறிந்துவிட்டு ஊர்ப்பட்ட பிளக்கையெல்லாம் மாட்டிப் பார்த்தான். ஒன்று கரி பிடித்து வண்டியை நடு வழியில் நிறுத்தியது. இன்னொன்று மேட்டில் சூடேறி எஞ்சினைத் தட்ட வைத்தது. வெடிச்சத்தம் மட்டும் போவேனா என்றது. கடைசியில் வேறு வழியில்லாமல் சாமியிடம் வந்து நின்றான்.

"சாமி, எந்த பிளக் போட்டாத்தான் இந்தச் சத்தம் நிக்கும்?"

சாமி முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். நேற்றிலிருந்தே அவர் முகம் சரியில்லை.

"சேந்தன் போட்டிருந்தது எங்கே?"

டூல்பாக்ஸின் அடியில் கிடந்தது. எடுத்து வந்து கொடுத்தான். சாமி வாங்கவில்லை.

"நீயே பார். முனை என்ன நிறம்?"

"பிஸ்கட் நிறம் சாமி."

"அப்படின்னா?"

"எஞ்சின் ஒழுங்கா எரியுதுன்னு அர்த்தம்."

"கழட்டினப்ப பார்க்கலையா?"

"பார்க்கலை சாமி."

சாமி கேட்டார்: "பூசத்துக்கு முன்னாடி இந்த வண்டியில யார் கை வச்சா?"

மருதையனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர்வலத்துக்குப் பளபளவென்று இருக்கட்டும், சாமி பார்த்து மெச்சட்டும் என்று, சேந்தன் இல்லாத நேரத்தில் சைலன்சரைக் கழற்றிப் பாலிஷ் போட்டவன் அவன்தான். திரும்ப மாட்டும்போது எஞ்சினோடு சேருகிற இடத்தில் நசுங்கிப்போன பழைய வளையத்தையே வைத்து முடுக்கியிருந்தான். அந்த இடுக்கு வழியாகக் காற்று புகுந்துதான் இத்தனை நாளும் வெடித்திருக்கிறது.

"நான்தான் சாமி" என்றான்.

மருதையன் அன்றைக்கே டவுனுக்கு நடந்து போய்ப் புது வளையம் வாங்கி வந்து மாட்டினான். சேந்தனின் பிளக்கையே திரும்பப் போட்டான். மலையேறி இறங்கி வந்தான். ஒரு வெடி இல்லை. எஞ்சின் அத்தனை நிதானமாக ஓடியதைக் கேட்கக் கேட்க அவனுக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

வண்டியை நிறுத்தாமலே சாமியிடம் சொன்னான்: "இப்பவே போய் அவனைக் கூட்டிட்டு வந்துடறேன் சாமி. கால்ல விழறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"வண்டியை நிறுத்து."

நிறுத்தினான்.

"நேத்து நான் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன்" என்றார் சாமி. "'உன்னை மன்னிச்சுட்டேன், வா'ன்னு கூப்பிட்டேன்."

"அவன் என்ன சொன்னான் சாமி?"

"'பிளக்கைக் கழட்டிப் பார்த்தீங்களா சாமி'ன்னு கேட்டான்."

மருதையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்லைன்னேன். கதவைச் சாத்திட்டான்."