தொந்தி போட்ட படம்

மயிலக்கோட்டை அரசர் வீரகேசரிக்குத் திடீரென்று ஓர் ஆசை. கொலுமண்டபத்தில் தன் படம் ஆளுயரத்தில் நிற்க வேண்டும். பல ஊர் ஓவியர்கள் வந்து குவிந்தார்கள். ஆளுக்கொரு பாணி. ஒருவர் தங்கரேக்கு ஒட்டினார். ஒருவர் பின்னால் மயிலை நிறுத்தினார். இன்னொருவரோ மிருதங்கமாக இருந்த அரசரின் இடுப்பை உடுக்கையாகவே ஆக்கிவிட்டார்.

செண்பகவடிவு என்ற பெண் மட்டும் கண்ணுக்குத் தெரிந்ததை வரைந்து வைத்தாள். தெரிந்ததில் பெரும்பகுதி அரசரின் தொந்தி.

அரசர் படத்தைப் பார்த்தார். படமும் அரசரைப் பார்த்தது. இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்கவில்லை.

"யார் இந்த ஆள்?"

"தாங்கள்தான் மகாராஜா," என்றாள் அவள். பாவம், வாயாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"இந்தப் படத்தைக் கொட்டிலில் போடுங்கள்! பட்டத்து விழா முடிந்த மறுநாள் இவள் என் நாட்டிலேயே இருக்கக் கூடாது!" என்றவர், உடுக்கை இடுப்புப் படத்தைக் காட்டினார். "இதுதான் நான். அச்சு அசல் நான்!"

கைக்குழந்தையோடும் கண் தெரியாத மாமியாரோடும் அவள் எங்கே போவாள்? அவை விகடர் அம்பலவாணருக்கு இது பொறுக்கவில்லை. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"மகாராஜா, அச்சு அசல் தாங்கள் என்பதில் சந்தேகமில்லையே?"

"சந்தேகப்படுகிறவனுக்கும் அதே தண்டனை!"

"எனக்குச் சந்தேகமே இல்லை," என்று கும்பிட்டுவிட்டு, நேராகத் தையற்காரர் மஸ்தானிடம் போனார்.

மயிலக்கோட்டையில் அரசர் மேனியை யாரும் தொட்டு அளக்கக் கூடாது. அது பரம்பரை வழக்கம். அதனால் மஸ்தான் தூர நின்று கண்ணாலேயே அளவெடுத்து, துணியைத் தாராளமாக விட்டுத் தைப்பார்.

"இனிமே எதுக்கய்யா கண் அளவு? அதான் ஆளுயரப் படம் இருக்கே. அதை அளந்து விழா அங்கியைத் தையும்."

"அந்த உடுக்கை இடுப்புக்கா? என் தலை போயிடுமே, ஐயா!"

"அப்போ மகாராஜா சொன்னது பொய்ங்கிறீரா?"

மஸ்தான் அளவு நாடாவை எடுத்தார்.

விழா நாள் வந்தது. வாசலில் பட்டத்து யானை. நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. அரசர் அங்கிக்குள் நுழைந்தார். கை போனது. தோள் போனது. தொந்திக்கு வந்ததும் அங்கி நின்றுவிட்டது. அரசர் மூச்சை இழுத்துப் பிடித்தார். பொத்தான் ஒன்று தெறித்து மந்திரியின் நெற்றியில் பட்டது. மந்திரி "ஆகா!" என்றார், பழக்கதோஷம்.

"பிடியுங்கள் அந்த மஸ்தானை!"

"பிடிக்கலாம் மகாராஜா," என்றார் அம்பலவாணர். "முதலில், அங்கி யாருக்குத் தைத்ததோ அவருக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்."

அங்கியைப் படத்தின் மேல் வைத்தார்கள். கனகச்சிதம்.

"அங்கியில் குற்றமில்லை. அச்சு அசல் மகாராஜா இவர்தான் என்று தாங்களே சொன்னீர்கள். இவரையே யானைமேல் ஏற்றிவிடலாம். நாம் இருவரும் கூட்டத்தில் நின்று கும்பிடுவோம். இடம் பிடிக்க ஆள் அனுப்பட்டுமா?"

வெளியே நாதஸ்வரக்காரர் அடுத்த ராகத்துக்குப் போய்விட்டார்.

"வேறு அங்கி ஏதும் இருக்கிறதா, ஓய்?" என்றார் அரசர், மெதுவாக.

இருந்தது. மஸ்தான் எடுத்து நீட்டினார். அரசர் போட்டார். எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை.

"இது எந்தப் படத்து அளவு?"

"கொட்டிலில் கிடக்கிறாரே, மகாராஜா, அந்த ஆளின் அளவு. நான்தான் தைத்துவைக்கச் சொன்னேன்," என்றார் அம்பலவாணர்.

அரசர் குனிந்து தன் தொந்தியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரிக்க, தொந்தியும் குலுங்கியது. தையல் ஒன்றுகூட விடவில்லை.

நாடு கடத்தல் அன்றே ரத்தாயிற்று. அம்பலவாணருக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. செண்பகவடிவு அரண்மனை ஓவியரானாள். முதல் நாள் அவள் தூரிகையைத் தொட்டதுமே, அரசர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவளிடம் ரகசியமாகச் சொன்னார்:

"இடுப்புல ரெண்டு விரற்கடை கூடவே போட்டுடும்மா. தீபாவளி வருது."