கர்ணன் சாகாத மூன்று சனிக்கிழமைகள்

கோதண்டம் தபால் ஆபீஸ் குமாஸ்தா. வயது ஐம்பத்திரண்டு. நாடக வாத்தியார் பச்சையம்மாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் கோதண்டம்தான் சீடர்.

எட்டு மாதம் பாடம் கேட்டுக் கர்ணன் வேஷம் வாங்கியிருந்தார். மார்பில் அம்போடு தேர்க்காலில் சாய்ந்து, நாலடி விருத்தம் பாடி உயிரை விட வேண்டும். மூன்று சனிக்கிழமையாக அவரால் சாக முடியவில்லை. நகராட்சித் தேர்தல் வந்துவிட்டது.

முதல் வாரம், விருத்தத்தின் இரண்டாவது அடியை எடுத்தபோது பூட்டுச் சின்ன வேட்பாளர் பரிவாரத்தோடு மேடையேறினார். கர்ணன் பதறி எழுந்து, பொன்னாடை வாங்கி, போட்டோவுக்குச் சிரித்துவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டார். நாடகக்காரர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை தருவதாக வேட்பாளர் முக்கால் மணி நேரம் பேசினார். அவர் இறங்கியதும் கூட்டமும் பின்னாலேயே போய்விட்டது.

அடுத்த வாரம், அதே இரண்டாவது அடியில் சீப்புச் சின்னக்காரர் பொன்னாடையோடு வந்தார். ஏசி போட்ட கலையரங்கம் என்றார். மூன்றாவது வாரம் தையல் மெஷின் சின்னத்து அம்மாளும் பொன்னாடையோடு வந்து, வருஷா வருஷம் பத்து நாள் நாடக விழா என்றார். அன்று கர்ணன் முன்னெச்சரிக்கையாகக் கிரீடத்தைக் கழற்றியே வைத்திருந்தார்.

மூன்று வாரமும் பார்க்க வந்த அவர் மனைவி, "பாரதத்துல கர்ணன் செத்துட்டான்னுதானே கேள்விப்பட்டேன்?" என்றாள். அது அவருக்கு ரொம்ப வலித்தது.

இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமைதான் பாக்கி. பிறகு நாடகம் நடக்கும் நகராட்சி அரங்கம் வாக்கு எண்ணும் மையமாகிவிடும்.

"வாத்தியாரம்மா, மூணு பேருல யாரோட கலைக் கொள்கை நல்லது? யாருக்கு ஓட்டுப் போடலாம்?"

"அவங்ககிட்ட கொடுக்க மனு ஏதும் எழுதிட்டீங்களாண்ணே?"

"பதினோரு கோரிக்கை எழுதியிருக்கேன்."

"கிழிச்சுடுங்க. வெள்ளைத்தாள் ஒண்ணு கொண்டு வாங்க. அந்த மூணு பொன்னாடையையும் எடுத்துக்குங்க."

ஞாயிறு காலை வணிகர் சங்கக் கட்டடத்தில், மூன்று வேட்பாளர்களும் ஒரே மேடையில் கலை வளர்ச்சி பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. முதலில் பூட்டுக்காரர் எழுந்தார்.

"கலை என் மூச்சு. நான் பதவிக்கு வந்தால் என் முதல் கையெழுத்து..."

பச்சையம்மாள் மேடையேறினார். அன்று கர்ணனுக்குப் பூட்டுக்காரர் போர்த்திய பொன்னாடையையே அவருக்குத் திருப்பிப் போர்த்தினார். மைக்கை வாங்கி, இந்த ஊரில் அரசியல் செழித்து வளர வேண்டிய அவசியம் பற்றிப் பேச ஆரம்பித்தார். கோதண்டம் போட்டோ எடுத்தார்.

பத்து நிமிஷம் கழித்து மைக் திரும்பி வந்தபோது, பூட்டுக்காரருக்கு எதற்கான கையெழுத்து என்பதே மறந்துபோயிருந்தது. உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து சீப்புக்காரர் பேச எழுந்தார். ரெண்டு வார்த்தை பேசியிருப்பார். பச்சையம்மாள் இரண்டாவது பொன்னாடையை உதறினார்.

அடுத்தது தன் முறை என்று தையல் மெஷின் அம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

"நிறுத்தும்மா! ஒருத்தர் பேசிட்டிருக்கும்போது நடுவுல ஏறலாமா? முடிச்சதும் வந்தா ஆகாதா?"

மற்ற இருவரும் "ஆமா, ஆமா" என்றார்கள். அந்த ஊரில் மூன்று கட்சியும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

பச்சையம்மாள் பொன்னாடையை மடித்தார். "எழுதிக்குங்கண்ணே. அம்மா சொன்னதுதான் நம்ம கோரிக்கை. ஒரு வார்த்தை மாத்தாம எழுதி, மூணு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்குங்க."

இத்தனை ஜனங்கள் பார்க்க மூவருக்கும் வேறு வழியில்லை. கையெழுத்துப் போட்டார்கள்.

திரும்பும் வழியில் கோதண்டத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

"வர்ற சனிக்கிழமை யாரும் குறுக்க வரமாட்டாங்க, இல்லைங்களா?"

"வரமாட்டாங்க."

"கர்ணன் நிம்மதியா செத்துடுவான்!"

பச்சையம்மாள் நின்றார்.

"அண்ணே, விருத்தத்துல மூணாவது அடி உங்களுக்கு இன்னும் சுருதி சேரல. இத்தனை நாளா வேட்பாளருங்க வந்து காப்பாத்தினாங்க. இனிமே யாரு வருவாங்க?"

கோதண்டம் வீடு வரைக்கும் மூன்றாவது அடியை முணுமுணுத்துக்கொண்டே போனார்.