மகளின் காருக்குப் புது ஆயில்

"எனக்கு மறக்கணும் தாயே. ஒரு பொட்டு மிச்சமில்லாம மறக்கணும்."

வந்ததும் வராததுமாகக் குற்றாலிங்கம் கேட்டது இதுதான். கும்பிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஓர் ஓட்டு வீடு. அதைத்தான் மடம் என்கிறார்கள். அங்கே இருக்கும் அம்மாவைக் குரு என்று ஊர்தான் சொல்கிறது, அம்மா சொல்லிக்கொண்டதில்லை. வயதில் குற்றாலிங்கத்துக்குத் தங்கையாக இருக்கலாம். ஆனாலும் அவருக்குத் தாயேதான்.

"யாரை மறக்கணும் ஐயா?"

"மகளை."

"எங்க இருக்காங்க?"

"இல்ல. ஆடி மாசம் காய்ச்சல் வந்துச்சு. போயிட்டா."

அம்மாவின் கை நின்றது. பிறகு மறுபடி கீரையை எடுத்தது.

"வீட்டுல யாரு?"

"சம்சாரம் மட்டும். பிரமு."

"அவங்க வரலையா?"

"அவளை விட்டுட்டுத்தான் வந்திருக்கேன். இனிமே திரும்பிப் போறதா இல்ல."

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் மனுஷனுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது.

"விடிஞ்சு எந்திரிச்சா பிரமுவுக்கு மக பேச்சுதான் தாயே. இது அவ தட்டுங்கா. இந்த வெயிலு அவளுக்கு ஆகாதேங்கா. சோத்தைப் போட்டுக்கிட்டே பேசுதா, துணியை மடிச்சுக்கிட்டே பேசுதா. நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன். அந்தப் பேரை நான் வாயால சொல்லியே மாசக்கணக்காச்சு. அவ கேட்டாலும் பதில் சொல்லுததில்ல. இங்கேயே ஒரு மூலையில கிடந்துக்கிடுதேன். எல்லாத்தையும் உள்ள இருந்து எடுத்துருங்க."

சொல்லிவிட்டு ஒரு சாவியை அம்மாவின் முன்னால் வைத்தார்.

"இது மக கார். மடத்துக்கே வச்சுக்கிடுங்க."

அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளே தெரியாது. என்றாலும் எழுந்து போய் வேப்பமரத்தடியில் நின்ற காரைச் சுற்றிப் பார்த்தார், ஏதோ மாடு வாங்க வந்தவர் போல.

"நல்லா ஓடுமா?"

"ஓடும். கியர் ஆயில்தான் மாத்தணும். மாத்தி வெகுநாளாச்சு. புது ஆயில் டிக்கியில கிடக்கு, அவ வாங்கி வச்சது."

"அப்ப மாத்திக் குடுங்க. தர்மத்துக்குக் குடுக்கதைக் குறையோடவா குடுப்பீங்க?"

குற்றாலிங்கம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். துக்கத்தைப் பற்றிச் சாமியார்கள் எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசத் தயாராகத்தான் வந்திருந்தார். இதை எதிர்த்துப் பேச அவருக்கு வழியில்லை. சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டினார்.

சக்கரத்துக்குக் கல் வைத்தார். ஜாக்கியில் தூக்கி, அடியில் தடித்த மரக்கட்டைகளைக் கொடுத்தார். மடத்தில் இருந்த நெளிந்த அலுமினியச் சட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு காருக்குக் கீழே நுழைந்தார்.

அம்மா கீரையை எடுத்துவந்து பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"இதுல கிளட்ச் இல்லியோ?"

"மிதிக்கதுக்கு இல்ல. ஆட்டோமேட்டிக். பிள்ளைக்கு இடது கால் கொஞ்சம் பலம் பத்தாது. அதனால இதுதான் வேணும்னு பழைய வண்டியா தேடி வாங்கினா." காருக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. சொல்ல நினைத்ததைவிடக் கூடுதலாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, போல்ட்டைப் பலமாகத் திருகினார்.

ஆயில் விழுந்தது. கடுங்காப்பி நிறம். முதலில் தாரையாக, பிறகு சொட்டாக.

"தீந்துட்டா?"

"இவ்வளவுதான் வரும்."

"பஸ்ஸுலயும் இப்படித்தானா?"

"பஸ்ஸுல முழுசா வந்துரும் தாயே. இது வேற மாதிரி."

போல்ட்டை மூடி, காரை இறக்கினார். வந்த ஆயிலைப் பாட்டில்களில் ஊற்றி அளந்தார். எவ்வளவு வந்ததோ அவ்வளவுதான் ஊற்ற வேண்டும். கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். டிக்கியைத் திறந்து புது டப்பாவை எடுத்தார். அதன் மூடியில் விலைச் சீட்டு பாதி கிழிந்திருந்தது. எதை வாங்கினாலும் விலைச் சீட்டைச் சுரண்டிக்கொண்டே பேசுவது மகளின் பழக்கம். குற்றாலிங்கம் கொஞ்ச நேரம் அந்த மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திறந்தார்.

புனல் வைத்து ஊற்றினார். பளிச்சென்ற சிவப்பு.

"ஆரத்தித் தண்ணி மாதிரி இருக்கு" என்றார் அம்மா.

"இந்த வண்டி வீட்டுக்கு வந்த அன்னைக்குப் பிரமு ஆரத்தி எடுத்தா." அவர் நிமிரவில்லை. "வண்டிக்கு எடுக்கச் சொன்னா, பிள்ளைக்கும் சேத்து எடுத்தா."

எஞ்சினை ஓடவிட்டார். பிரேக்கை மிதித்துக்கொண்டு கியர் கம்பியை ஒவ்வோர் இடமாக நகர்த்தி, மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். இறங்கி வந்து அளவுக் கம்பியை உருவித் துடைத்தார். திரும்பச் செருகி எடுத்துக் காட்டினார்.

"அளவு சரியா இருக்கு."

அம்மா கம்பியின் நுனியை உற்றுப் பார்த்தார்.

"சிவப்பாத்தானே ஊத்துனீங்க? இது கருப்பா இருக்கே."

"உள்ள இருந்தது கலந்துட்டு."

"உள்ள இன்னும் இருக்கா?"

"பாதிக்கு மேல இருக்கும். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவுல ஒரு உருண்டை இருக்கு, அதுக்குள்ள தங்கிரும். போல்ட்டைத் திறந்தா அது வராது."

"அப்ப மாத்தினது வீணா?"

"வீணில்ல. வண்டி நல்லா ஓடும். கொஞ்ச நாள் ஓட்டிட்டு மறுபடி இறக்கி ஊத்தணும். நிறம் தெளிஞ்சுக்கிட்டே வரும். ஆனா கொஞ்சம் எப்பவும் கிடக்கும்."

"ஒரு பொட்டு மிச்சமில்லாம எடுக்க முடியாதா?"

"மிஷின் வச்சா எடுத்துரலாம்."

"எடுத்துர வேண்டியதுதானே?"

"எடுக்கப்படாது தாயே. பழைய வண்டி. உள்ள தேஞ்ச தூளெல்லாம் அந்த ஆயில்லதான் கிடக்கு. அந்தத் தூளும் சேந்துதான் இப்ப உள்ள இருக்க கிளட்ச் பிடிக்குது. எல்லாத்தையும் ஒரே நாள்ல உருவிட்டா பிடிமானம் போயிரும். எஞ்சின் ஓடும், சத்தம் வரும், வண்டி நகராது."

அம்மா தலையாட்டினார். குழந்தை கேட்பதுபோலத்தான் அடுத்ததையும் கேட்டார்.

"இது பஸ்ஸு மாதிரி இல்லைன்னீங்களே. பின்ன உங்களுக்கு யாரு சொன்னது?"

குற்றாலிங்கம் காரைப் பார்த்துத் திரும்பினார்.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் போய் அதை நிறுத்தினார். திரும்பி வந்து நின்றார். கையில் கம்பி இருந்தது. அதைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"பூரணி" என்றார்.

கம்பியை அதன் இடத்தில் செருகினார்.

"முழுசா எடுத்துரணும்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். எத்தனை பஸ்ஸுக்கு மாத்தியிருக்கேன், எனக்குத் தெரியாதான்னேன். சிரிச்சா. 'எப்பா, இது உங்க பஸ்ஸில்ல. இது கொஞ்சம் வச்சுக்கிட்டுத்தான் ஓடும்'னா. அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேந்து மாத்துவோம், அப்பத் தெரியும் உங்களுக்குன்னா."

"ஞாயித்துக்கிழமை?"

"சனிக்கிழமை காய்ச்சல் வந்துட்டு."

அவர் அழுதார். சட்டையில்லாத உடம்பு குலுங்க, மறைக்கத் தோன்றாமல், ஆயில் படிந்த கைகளோடு காரில் சாய்ந்துகொண்டு அழுதார். ஆடியிலிருந்து அவர் அழுதிருக்கவில்லை. பிரமுவுக்கு அதுதான் பெரிய குறை.

அம்மா தேற்றவில்லை. மடியிலிருந்த கீரைத் தண்டுகளை உதறிவிட்டு உள்ளே போனார். ஒரு செம்பில் தண்ணீரும், கை கழுவச் சீயக்காய்த்தூளும் கொண்டுவந்து வைத்தார். காரில் கிடந்த சாவியை உருவி அதன் பக்கத்தில் வைத்தார்.

குற்றாலிங்கம் கை கழுவினார். நகக்கண்ணில் கருப்பு போகவில்லை. அதைப் பார்த்தார், மறுபடி தேய்க்கவில்லை.

சட்டையைப் போட்டுக்கொண்டார். சாவியை எடுத்தார்.

"வாரேன் தாயே."

"இங்க ஒரு மூலை கேட்டீங்களே?"

"பிரமுட்ட போறேன்."

"போயி?"

"பூரணி ஆயில் வாங்கினதும், என்னைக் கேலி பண்ணினதும், ஞாயித்துக்கிழமைன்னு சொன்னதும்..." அவர் கதவைத் திறந்தபடி நின்றார். "பிரமுவுக்கு இது ஒண்ணும் தெரியாது தாயே."