இரண்டு உருண்டைகள்

அடுப்பு இல்லை, பானை இல்லை. ஆனாலும் சோறு புளிக்கிறது. சமைத்தவள் பரிமாற வரமாட்டாள். சாப்பிடும் பிள்ளை அவளைப் பார்த்ததே இல்லை. அது என்ன சோறு? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

அந்தக் காலத்தில், தேனீயும் பூவும் தூசியும்கூடப் பேசிக்கொண்ட காலத்தில், ஒரு துவரைக் காட்டில் பொன்னாரி என்ற இலைவெட்டித் தேனீ இருந்தாள். அவளுக்குக் கூட்டம் இல்லை, ராணி இல்லை. இலையை வட்டமாக நறுக்கி, மூங்கில் துளைக்குள் தானே அறை கட்டினாள். மகரந்தத்தைத் தேனில் குழைத்துத் தானே உருண்டை பிடித்தாள்.

"ஏண்டி, மழைக்கு முன்னால் உன் ஆயுசு முடிந்துவிடும். எங்கள் கூட்டில் பிள்ளைக்கு ஊட்ட ஆயிரம் அக்காமார் உண்டு. உன் பிள்ளைக்கு யார்?" என்று கேலி செய்தாள் ஒரு மலைத்தேனீ.

"நான் வைத்துவிட்டுப் போகும் சோறு போதும்."

சொன்னாளே தவிர, அந்தச் சோறு கெடாமல் நிற்கவில்லை. மகரந்தத்தை வெயிலில் உலர்த்தி, பூவின் அழுக்கு ஒட்டாமல் புடைத்துத்தான் உருட்டுவாள். ஈரக்காற்று பட்டதும் அதில் பூஞ்சணம் பூத்தது. தூக்கி எறிந்துவிட்டு மறுபடி உருட்டினாள். அதுவும் பூத்தது.

"எங்களைப் புடைத்துக் கொட்டினால் பின்னே எப்படி அக்கா?" என்றது துவரைப்பூவுக்குள்ளிருந்து ஒரு குரல். பூந்தேனில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தாம், கண்ணுக்குத் தெரியாது. "எங்களை உள்ளே விடு. சோற்றைப் புளிக்க வைப்போம், பூஞ்சணம் அண்டாது. மகரந்தத்தின் கெட்டித் தோலும் இளகும்."

"உங்களுக்கு என்ன லாபம்?"

"கொஞ்சம் தின்போம். உன் பிள்ளை எங்களையும் சேர்த்துத் தின்னும். தின்னட்டுமே! மிச்சப்பேர் பெருகிக்கொள்வோம்."

"என் கைச்சோறு புளிப்பதா?" பொன்னாரிக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மேகம் கறுத்துவிட்டது, இறகும் தேய்ந்துவிட்டது. கடைசி அறையில் இரண்டு உருண்டைகள் வைத்தாள். ஒன்று புடைத்த மகரந்தத்தில், மற்றது பூவில் எடுத்தபடியே. நடுவில் முட்டையிட்டாள்.

"தின்னப்போகிறவள் நீ. நீயே பார்த்துக்கொள்," என்று சொல்லி இலைக்கதவை அடைத்தாள். தலை நிமிர்ந்தே பறந்து போனாள். பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை.

மழை முடிந்ததும் அவள் மகள் கதவைக் கடித்துத் திறந்து வெளியே வந்தாள். மலைத்தேனீக்கள் அவளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தன. அவள் தன் பிள்ளைக்கு உருண்டை பிடித்தபோது மகரந்தத்தைப் புடைக்கவில்லை.

அன்று முதல்தான் இலைவெட்டிகளின் சோறு புளிக்கிறது. மூடிய அந்த அறைக்குள் புழுவாக இருந்தபோதே அந்த மகள் இரண்டு உருண்டைகளையும் தொட்டுப் பார்த்தாள், புளித்ததைத் தின்றாள்.